ஊராட்சி ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்; ஊரில் ஏன் எதுவும் மாறவில்லை?

உங்கள் ஊராட்சி செயலர் அடிக்கடி பயிற்சிக்குப் போய்வருகிறார், குடிநீரும் குப்பையும் மட்டும் பழையபடியே இருக்கின்றன, அப்படியென்றால் இந்தச் செலவு வீண்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். வீண் என்று நான் சொல்லமாட்டேன். போய்ச் சேரவேண்டிய ஆளுக்கு அது போய்ச் சேருவதில்லை, அதுதான் கோளாறு. ஊராட்சி ஒன்றியத்தில் வேலை பார்த்தவன் நான். பயிற்சி எடுத்தும் இருக்கிறேன், கொடுத்தும் இருக்கிறேன்.

தமிழ்நாட்டில் பயிற்சி நிலையங்களுக்குக் குறைவே கிடையாது. மறைமலைநகரில் மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் இருக்கிறது. பவானிசாகர், கிருஷ்ணகிரி, பட்டுக்கோட்டை, தே.கல்லுப்பட்டி, எஸ்.வி.நகரம் என்று மண்டல நிறுவனங்களும் உண்டு. இங்கே வந்து உட்காருபவர்கள் பெரும்பாலும் தலைவர்கள், செயலர்கள், அலுவலர்கள். சட்டம், அரசாணை, கணக்கு, இணையதளத்தில் பதிவேற்றுவது ஆகியவற்றைச் சொல்லித் தருகிறார்கள். அதுவும் வேண்டியதுதான். செயலருக்கு ஊராட்சிக் கணக்குகளுக்கான இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் பில் ஏற்றத் தெரியாவிட்டால் பணம் பட்டுவாடா ஆகாது, தெருவிளக்கு எரியாமலே கிடக்கும்.

ஆனால் மக்கள் தினமும் ஊராட்சியைப் பார்ப்பது குழாயடியில். அந்தத் தண்ணீரோ, தொட்டியில் நீரேற்றித் திறந்துவிடும் டேங்க் ஆபரேட்டர் கையில் இருக்கிறது. மிகக் குறைந்த சம்பளத்தில் விடியற்காலையில் மோட்டார் போடுகிற அவரை யாரும் வகுப்புக்கு அழைப்பதில்லை.

அவர் செய்யவேண்டிய வேலையைப் பாருங்கள். 30,000 லிட்டர் தொட்டிக்கு, ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் வீதம், 120 கிராம் பிளீச்சிங் பவுடர். அதை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரமாவது விட்டுத்தான் வால்வைத் திறக்கவேண்டும். கடைசித் தெருக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கவேண்டும். இதை யாரும் செய்து காட்டாததால் கைக்கு வந்த அளவை அப்படியே கொட்டுகிறார். பவுடர் மூட்டை மோட்டார் ரூமில் வாய் திறந்தபடி கிடக்கும். காற்றும் ஈரமும் பட்டு அதன் வீரியம் போய்விடும், அப்போது எவ்வளவு போட்டாலும் பலன் இல்லை. புது மூட்டை வந்ததும் அதே அளவைக் கொட்டினால் நெடி தூக்கும், ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள். அப்புறம் அவர் பவுடர் போடுவதையே நிறுத்திவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் பார்த்தவரை பலித்த பயிற்சி, தொட்டிக்கடியிலேயே அரை நாள் நடத்தியதுதான். பக்கத்து ஊராட்சிகளின் ஆபரேட்டர்களையும் சேர்த்துக்கொண்டோம். அவர்களே தராசில் எடை போட்டு, ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் அளவுக்கோடு போட்டுக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் கடைசிக் குழாய்க்கு நடந்து போய், சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டுப் பார்த்தோம். குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் வரும். தொட்டிக்குப் பக்கத்தில் மஞ்சள் வந்து கடைசியில் வரவில்லையென்றால், போட்ட அளவு போதவில்லை, அல்லது வழியில் எங்கோ குழாய் உடைந்து சாக்கடை கலக்கிறது. உடைப்பு எந்த இடத்தில் இருக்கும் என்று நாங்கள் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஆபரேட்டர்களுக்கே தெரிந்திருந்தது. இத்தனை வருடமாக அவர்களை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். எனக்கு அன்று உண்டான மரியாதை இன்னும் குறையவில்லை.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பயிற்சி கொடுத்து, பெட்டியும் தரவேண்டும் என்று இருக்கிறது. அருமையான ஏற்பாடு. ஆனால் ஒருமுறை சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனால் பெட்டி பீரோவுக்குள் போய்விடும். மருந்து தீர்ந்தால் யாரிடம் கேட்பது, முடிவை யாரிடம் சொல்வது என்பதும் பயிற்சியில் இருக்கவேண்டும். தூய்மைக் காவலர்கள் விஷயமும் இப்படித்தான். குப்பையைத் தரம் பிரிக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பிரித்ததை ஒரே வண்டியில் கொட்டச் சொன்னால் அடுத்த வாரமே விட்டுவிடுவார்கள்.

கேரளத்தில் 1996-ல், ஊருக்கான திட்டங்களை ஊர்மக்களே சேர்ந்து தீட்டும் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது மக்கள் பிரதிநிதிகள், அலுவலர்கள், தன்னார்வலர்கள் என மூன்று தரப்புக்கும் பெரிய அளவில் பயிற்சி கொடுத்தார்கள். திருச்சூரில் உள்ள கிலா என்ற உள்ளாட்சிப் பயிற்சி நிறுவனம் இன்றும் அந்த வேலையைச் செய்கிறது. எல்லாத் தரப்புக்கும் பயிற்சி, அதுவும் விடாமல்; நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது இதைத்தான். இங்கே 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் இல்லாத ஊரில் ஜனங்கள் நேரில் போய்க் கேட்க மிஞ்சுகிறவர்கள் செயலரும் ஆபரேட்டரும்தான். அவர்களுக்குத் தொழில் நன்றாகத் தெரிந்திருக்கவேண்டாமா?

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? அடுத்த கிராம சபையில் ஆபரேட்டருக்கு நேரடிப் பயிற்சி, ஒரு தராசு, குளோரின் சோதிக்கும் பெட்டி ஆகியவற்றைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கூட்டம் இதற்குப் பொருத்தமானது. தொட்டி கழுவிய தேதியை எழுதும் இடத்திலேயே, கடைசிக் குழாயில் எடுத்த குளோரின் அளவையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.