டெபியன் பொதிகளில் சார்புகளை எழுதுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்துக்காக என் நிரலைப் பொதியாக, அதாவது நிறுவத்தக்க கோப்பாக ஆக்குகிறேன். அதற்கு ஓபன்எஸ்எஸ்எல் என்னும் குறியாக்க நூலகம் தேவை. சார்புகளை, அதாவது நிரலுக்குத் தேவையான பிற பொதிகளைக் குறிக்கும் கண்ட்ரோல் கோப்பில் அதன் பெயரை நானே எழுதிவிடலாமா?

பதில்: வேண்டாம். டெபியன் 11-இல் அந்நூலகப் பொதியின் பெயர் லிப்எஸ்எஸ்எல்1.1, 2023-இல் வந்த 12-இல் லிப்எஸ்எஸ்எல்3, 2025-இல் வந்த 13-இல், 2038-ஆம் ஆண்டுச் சிக்கலைத் தவிர்க்க நேரக் கணக்கு 64 பிட்டுக்கு மாறியதை ஒட்டி, லிப்எஸ்எஸ்எல்3டி64. நானும் ஒருமுறை பழைய பெயரைக் கையால் எழுதி வைத்திருந்தேன். புதிய நூலகத்தோடு கம்பைல் செய்தபோது பிழை ஏதும் வரவில்லை. ஆனால் இல்லாத பொதியைக் கேட்டு நிறுவல் நின்றுவிட்டது. கட்டாயச் சார்புகளைக் குறிக்கும் டிபென்ட்ஸ் வரியில் ‘ஷ்லிப்ஸ்:டிபென்ட்ஸ்’ என்னும் மாறியை இடுங்கள். இயங்குகோப்பு எந்தெந்த நூலகங்களோடு இணைந்திருக்கிறது என்று டிபிகேஜி-ஷ்லிப்டெப்ஸ் கருவி பார்த்து, சரியான பெயரையும் தேவையான குறைந்தபட்சப் பதிப்பையும் அங்கே நிரப்பிவிடும்.

கேள்வி: அப்படியே செய்தேன். ஆயினும் என் பொதியிலுள்ள ஷெல் ஸ்கிரிப்ட், பயனர் கணினியில் ஜேக்யூ (ஜேசான் தரவைக் கையாளும் கட்டளை) இல்லை என்று நின்றுவிடுகிறது. என் கணினியில் நன்றாக ஓடுகிறதே?

பதில்: உங்கள் கணினியில் ஜேக்யூ என்றோ நிறுவப்பட்டிருக்கும், அதனால்தான் குறை வெளியே தெரியவில்லை. ஸ்கிரிப்டுக்குள் அழைக்கப்படும் கட்டளைகளை அந்தக் கருவி பார்ப்பதில்லை. நீங்கள்தான் வரி வரியாகப் படித்து, அவற்றைத் தரும் பொதிகளை எழுத வேண்டும். பிறகு, அடிப்படைப் பொதிகள் மட்டுமே உள்ள ஒரு க்ரூட்டில் (கணினிக்குள் தனியே பிரித்து வைத்த சூழலில்) நிறுவி ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: கிரெப், செட், பாஷ் ஆகியவற்றையும் எழுத வேண்டுமா?

பதில்: இல்லை. அவை எசென்ஷியல் பொதிகள், அதாவது எல்லா டெபியன் கணினிகளிலும் இருந்தே தீர வேண்டியவை. குறிப்பிட்ட பதிப்பு தேவைப்பட்டால் மட்டும் எழுதுங்கள்.

கேள்வி: பிடிஎஃப் ஆக்கும் வசதிக்கு மட்டும் ஒரு பெரிய பொதி வேண்டியிருக்கிறது. அது டிபென்ட்ஸா, ரெக்கமெண்ட்ஸா?

பதில்: அது இல்லாமல் நிரல் தன் முதன்மை வேலையையே செய்ய முடியாது என்றால்தான் டிபென்ட்ஸ். பெரும்பாலோர் அவ்வசதியை எதிர்பார்ப்பார்கள் என்றால் ரெக்கமெண்ட்ஸ். சிலருக்கு மட்டும் பயன்படும் என்றால் சஜெஸ்ட்ஸ். ரெக்கமெண்ட்ஸில் உள்ளதை, பொதிகளை நிறுவும் கருவியான ஏபிடி இயல்பாகவே நிறுவும். ஆனால் சிறிய சர்வர் வைத்திருப்பவர் விரும்பினால் அதை விலக்கிக்கொள்ளலாம். எதற்கும் இருக்கட்டும் என்று டிபென்ட்ஸில் சேர்த்தால், அந்த உரிமையை அவரிடமிருந்து நாம் பறித்துவிடுகிறோம். இதில் தாராளம் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி: நிரல் பொதியும் அதன் தரவுப் பொதியும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். சமக்குறி இட்டு, பில்ட் செய்யப்பட்ட பொதியின் பதிப்பெண்ணைத் தரும் ‘பைனரி:வெர்ஷன்’ என்னும் மாறியை எழுதலாமா?

பதில்: தரவுப் பொதி எல்லாக் கட்டமைப்புகளுக்கும் (செயலி வகைகளுக்கும்) பொதுவானது என்றால், மூலப் பொதியின் பதிப்பெண்ணைத் தரும் ‘சோர்ஸ்:வெர்ஷன்’ என்று எழுதுங்கள். நூலகம் மாறும்போது டெபியன் நிரல் பொதியை மட்டும் மறுபடி பில்ட் செய்யும். அதன் பதிப்பெண்ணின் கடைசியில் +பி1 சேரும், தரவுப் பொதியோ பழைய எண்ணிலேயே இருக்கும். நீங்கள் ‘பைனரி:வெர்ஷன்’ என்று எழுதியிருந்தால், +பி1 எண்ணுள்ள தரவுப் பொதியை ஏபிடி தேடும். அப்படி ஒன்று களஞ்சியத்தில் இருக்காது.