கிறிஸ்டல் ட்ரான்ஸ்மிட்டருக்கு எளிய ஃபேஸ் மொடுலேஷன் செய்வது எப்படி?

திருகோணமலையில் இருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "12.1 மெகாஹேர்ட்ஸ் கிறிஸ்டலோடு வேரக்டர் டயோட் (வோல்டேஜுக்கு ஏற்பக் கொள்ளளவம் மாறும் டயோட்) வைத்தேன். அதிர்வெண்ணை 12 மடங்காக்கி 145.2 மெகாஹேர்ட்ஸில் கேட்டால் குரல் மிக மெல்லியதாகத்தான் கேட்கிறது. ஏன்?"

தம்பி, கிறிஸ்டல் தன் அதிர்வெண்ணை லேசில் விட்டுக்கொடுக்காது. அதை அதன் பாட்டில் விடுங்கள். கிறிஸ்டல் ஆசிலேட்டருக்கு அடுத்து வரும் பஃபர் அம்ப்ளிஃபையரின் ட்யூனிங் காயிலுக்குக் குறுக்கே வேரக்டரைப் போடுங்கள். பேச்சின் வோல்டேஜ் ஏறி இறங்க, கொள்ளளவம் மாறும். வெளிவரும் அலையின் கட்டம் (ஃபேஸ்) முன்பின்னாக அசையும். இதுதான் ஃபேஸ் மொடுலேஷன்.

எவ்வளவு அசைய வேண்டும்? 3 கிலோஹேர்ட்ஸ் ஒலிக்கு 5 கிலோஹேர்ட்ஸ் அதிர்வெண் விலகல் வேண்டும் என்றால், 5 ஐ 3 ஆல் வகுக்க, கட்ட அசைவு 1.67 ரேடியன். அதிர்வெண்ணை 12 மடங்காகப் பெருக்கும்போது கட்ட அசைவும் 12 மடங்காகும். ஆகவே தொடக்கத்தில் 0.14 ரேடியன், அதாவது 8 பாகை போதும். காயிலின் கியூ (ட்யூனிங் எவ்வளவு கூர்மை என்று காட்டும் எண்) 20, மொத்தக் கொள்ளளவம் 100 பிக்கோஃபரட் என்றால், வெறும் 0.7 பிக்கோஃபரட் மாற்றம்! எத்தனை முறை போட்டாலும் எனக்குச் சலிக்காத கணக்கு இது.

ஒலி உயர உயர விலகலும் கூடும் என்பதால், மைக் அம்ப்ளிஃபையருக்குப் பின் உரத்த ஒலியின் உச்சியை வெட்டும் ஒரு கிளிப்பரும், 3 கிலோஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைத் தடுக்கும் லோ-பாஸ் ஃபில்டரும் கட்டாயம்.

அந்தக் காயிலை ட்யூன் செய்யும் ட்ரிமரை (திருகி மாற்றும் சிறு கெப்பாசிட்டரை) பிளாஸ்டிக் திருப்புளியால் மெதுவாகத் திருப்பி, வெளியீடு உச்சத்துக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கேதான் கட்டம் இருபக்கமும் சமமாக அசையும். உப்புவெளிக் கடற்காற்றில் என் ட்ரிமர் ஒன்று பச்சைக் களிம்பு பிடித்தே போனது. மூடிய தகரப் பெட்டிக்குள் கட்டுங்கள். உரிமம் கைக்கு வரும்வரை அன்டெனா வேண்டாம், அன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் 50 ஓம் ரெசிஸ்டரான டம்மி லோடிலேயே சோதியுங்கள்.