கஞ்சி இறங்க ஒரு வழி

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. இரைப்பையில் புற்று, கல்லீரலுக்கும் பரவிவிட்டது. எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. கட்டியை எடுக்க முடியாது, பைபாஸ் மட்டும் செய்யலாம் என்கிறார் டாக்டர். கத்தி பட்டால் இன்னும் பரவும் என்கிறார் சித்தப்பா. குணமாகாத நோய்க்கு ஆபரேஷன் எதற்கு?
– வாசகர், தாராவி, மும்பை

பதில்: சித்தப்பா கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார். ஏற்கெனவே பரவிவிட்டதால்தான் கட்டியைத் தொடாமல் விடுகிறார்கள். கட்டி இரைப்பையின் கீழ்வாசலை அடைத்துக்கொண்டது. சிறுகுடலின் மேல்பகுதியை இழுத்து இரைப்பையோடு தைத்து, சாப்பாடு இறங்க மாற்றுவழி போடுவதுதான் இந்த ஆபரேஷன். வாந்தி நிற்க வேண்டும், கஞ்சி இறங்க வேண்டும். அதற்குத்தான் கத்தி.

“எதற்கும் இரைப்பையையே எடுத்துவிடுங்களேன்” என்று டாக்டரிடம் மன்றாட வேண்டாம். ஜப்பான், கொரியா, சிங்கப்பூரில் நடந்து 2016-ல் வெளியான ‘ரெகாட்டா’ ஆய்வில், பரவிய புற்றோடு இரைப்பையை எடுத்துப் பிறகு கீமோ கொடுத்தவர்கள், கீமோ மட்டும் பெற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவில்லை. கட்டியில் ரத்தம் கசிந்தால்கூடப் பலருக்குக் கதிர்வீச்சிலேயே நிறுத்திவிடலாம்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது வேறு. அடைப்பு அந்த ஓரிடத்தில்தானா? வயிற்றில் நீர் கோத்து, குடலில் பல இடங்களில் அடைப்பு இருந்தால் பைபாஸ் போட்டும் பயனில்லை. ஸ்டென்ட் போதுமா? எண்டோஸ்கோப்பி வழியே வைக்கும் அந்த உலோக வலைக்குழாயில் ஓரிரு நாளிலேயே சாப்பிடத் தொடங்கலாம். ஆனால் நாளாக ஆகக் கட்டி உள்ளே வளர்ந்து மறுபடி அடைக்கும், சில சமயம் குழாய் நகர்ந்தும் போகும். ஆகவே இரண்டு மாதத்துக்குமேல் இருப்பார் என்று தோன்றினால், உடம்பும் தாங்குமென்றால், பைபாஸ். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு ஸ்டென்ட்.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே இட்லி கேட்காதீர்கள். வாரக்கணக்கில் அடைபட்டு விரிந்துபோன இரைப்பை சுருங்கி வேலைசெய்ய நாளாகும். சிலருக்கு ஒன்றிரண்டு வாரம்கூட மூக்குக்குழாய் இருக்கும். அதைப் பார்த்து ‘ஆபரேஷன் ஃபெயில்’ என்று ஊருக்குப் போன் போடாமல் இருந்தாலே நல்லது.

வீட்டுக்கு வந்தபின் தட்டை எடுத்து வைத்துவிட்டுச் சின்னக் கிண்ணத்தை எடுங்கள். ஒரு நாளைக்கு ஆறேழு வேளை, வேளைக்கு அரை டம்ளர் அளவு. குழைய மசித்த தயிர்சாதம், வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன், கஞ்சியில் ஒரு ஸ்பூன் நெய்யோ பால்பவுடரோ. தண்ணீரைச் சாப்பாட்டோடு கொடுக்காமல் அரைமணி முன்போ பின்போ கொடுங்கள். சாப்பிட்டதும் படுக்கவிடாதீர்கள், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வையுங்கள். பார்க்க வருகிறவர்கள் வாங்கிவரும் ஆரஞ்சின் சக்கையும் வாழைத்தண்டு நாரும் திரண்டு தைத்த இடத்தில் சிக்கிக்கொள்ளும். குளுக்கோஸ் தண்ணீர், சர்க்கரை தூக்கலான சத்துமாவுக் கஞ்சி இரண்டும் குடலுக்குள் வேகமாக இறங்கி, அரைமணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரலாம். “இன்னும் ஒரு வாய்” என்று ஊட்டுவதை அம்மாவை நிறுத்தச் சொல்லுங்கள். இந்த நோயில் பசி குறைவது பிடிவாதத்தால் அல்ல.

வலிக்கு மார்ஃபின் எழுதினால் ‘கடைசி மருந்து’ என்று பயப்பட வேண்டாம். 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, வலிக்காரர்களுக்கு அது கிடைப்பதை எளிதாக்கினார்கள். மார்ஃபினால் மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். மலமிளக்கியையும் முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள். பரேலில் டாடா மருத்துவமனையில் வலிதணிப்புக்கென்றே தனிப்பிரிவு உண்டு. வீட்டில் சமாளிக்க முடியாத கட்டம் வந்தால் பாந்திராவில் சாந்தி அவேத்னா சதன் இருக்கிறது. நோய் முற்றிய புற்றுநோயாளிகளைப் பராமரிக்க 1986-லிருந்து இயங்கும் இல்லம், கட்டணம் இல்லை.

இன்னொன்று, மும்பைக்காரர்களுக்கே உரிய சிக்கல். அப்பா ‘எதுக்களிக்குது’, ‘பொருமுது’, ‘நெஞ்சு கரிக்குது’, ‘பிசையுது’ என்று நான்கு விதமாகச் சொல்வார். பேரன் இந்தியில் சொல்லும்போது நான்கும் ‘பேட் மே தர்த்’ (வயிற்றுவலி) ஆகிவிடும். அப்பாவின் சொல்லை அப்படியே நோட்டில் எழுதி, எப்போது, சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து என்று குறித்துக் காட்டுங்கள். வாந்தியின் நிறத்தையும் எழுதுங்கள். மஞ்சள்பச்சையாகக் கசந்தால் பித்தம். அடுத்தமுறை போகும்போது சொன்னால் போதும், ஓயாமல் வந்தால் முன்னதாகவே போங்கள். நேற்றுச் சாப்பிட்ட சோறு அப்படியே வந்தால் புதுவழி வேலைசெய்யவில்லை, மறுநாளே போங்கள். காப்பித்தூள்போலக் கறுத்து வந்தால் ரத்தம், விடியும்வரை காத்திருக்காதீர்கள்.