கட்டுத்தரை கேள்வி–பதில்: கன்றுக்கு முதல் நாள்

பிறந்த கன்றைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எங்கள் ஜெர்சி கலப்பு மாடு விடியற்காலை 4 மணிக்குக் கன்று போட்டது. நஞ்சுக்கொடி விழுகிற வரைக்கும் கன்றை மடியில் விடக் கூடாது என்று மாமியார் தடுத்துவிட்டார். கொடி மதியம்தான் விழுந்தது. அதுவரை கன்று பட்டினி. மாமியார் சொன்னது சரிதானா?
– வாசகி, வாழப்பாடி

பதில்: சரியில்லை. சேலம் பக்கம் பல வீடுகளில் இந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது. இதில் நட்டம் கன்றுக்குத்தான்.

மனிதக் குழந்தைக்குக் கருவிலேயே தாயிடமிருந்து நோய் எதிர்ப்புச் சத்து ஓரளவு வந்துவிடும். மாட்டின் நஞ்சுக்கொடி அதைக் கடத்தாது. ஆகவே கன்று வெறுங்கையோடுதான் பிறக்கிறது. அந்தச் சத்து முழுக்கச் சீம்பாலில் இருக்கிறது. அதை அப்படியே ரத்தத்துக்கு உறிஞ்சுகிற வழி கன்றின் குடலில் பிறந்தவுடன் நன்றாகத் திறந்திருக்கும். பிறகு மணிக்கு மணி அடைபட்டுக்கொண்டே வந்து, 24 மணி நேரத்தில் மூடிவிடும். அதற்குப் பிறகு குடிக்கும் சீம்பால் உணவாகுமே தவிர, கவசமாகாது. உங்கள் கன்று இழந்தது அந்த முதல் 8 மணி நேரம். இப்போது அது துள்ளினாலும் இன்னும் ஒரு மாதம் கழிச்சல், இருமல், தொப்புள் வீக்கம் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

இன்னொன்றையும் மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள். கன்று காம்பைச் சப்பும்போது தாயின் உடலில் ஊறும் சுரப்பு பாலை இறக்குவதோடு கருப்பையையும் சுருங்க வைக்கிறது. கன்று குடித்தால் கொடி விழ உதவியாகத்தான் இருக்கும். 12 மணி நேரம் ஆகியும் விழவில்லையென்றால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி கிடைக்கும். கல்லையோ பழைய செருப்பையோ கொடியில் கட்டித் தொங்கவிடாதீர்கள். கொடி பாதியில் அறுந்து, மீதி உள்ளே அழுகும்.

அளவு: 25 கிலோ கன்றுக்குப் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் 2 லிட்டர், அடுத்த 8 முதல் 12 மணி நேரத்துக்குள் இன்னொரு 2 லிட்டர். மடியை வெந்நீரில் கழுவித் துடைத்து, ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு பீச்சைத் தரையில் விட்டுவிட்டுப் பிறகு கறக்கவும். கன்று தானாகக் குடித்தால் எவ்வளவு குடித்தது என்று தெரியாது. முதல் வேளையை மட்டுமாவது அளந்து, ரப்பர் காம்பு போட்ட பாட்டிலில் கொடுங்கள். எடை தெரியவில்லையென்றால் குளியலறைத் தராசில் கன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை, தனியாக ஒரு முறை நின்று கழித்துக்கொள்ளலாம்.

நல்ல மாடு கன்றுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே சீம்பால் தரும். கன்று குடித்து மிஞ்சியதில் வெல்லம், ஏலக்காய் போட்டு அவித்துத் தாராளமாகச் சாப்பிடுங்கள். பக்கத்து வீட்டுக்குக் கிண்ணம் போவதும் அதற்குப் பிறகே இருக்கட்டும்.

கேள்வி: கன்று போட்ட கையோடு மாடு செத்துவிட்டால், அல்லது மடிநோய் வந்து பால் கெட்டிருந்தால், சீம்பாலுக்கு எங்கே போவது?
– வாசகர், ஆத்தூர்

பதில்: வேறு மாட்டின் சீம்பால்தான் முதல் வழி. உங்கள் கட்டுத்தரையிலேயே முன்பு ஈன்ற, நோயில்லாத மாட்டின் முதல் கறவையை ஒரு லிட்டர் பாட்டில்களில் நிரப்பி ஃப்ரீசரில் வைத்திருந்தால் பல மாதம் தாங்கும். உருக்கும்போது கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் பாட்டிலை மூழ்க வையுங்கள். அடுப்பில் ஏற்றாதீர்கள். சீம்பால் அவித்தால் ஏன் கட்டியாகிறது? நாம் காப்பாற்ற நினைக்கும் அந்தச் சத்து புரதம் என்பதால்தான். கட்டியானால் அதன் வேலை போயிற்று.

ஒன்றுமே கிடைக்காவிட்டால்: 300 மில்லி வெந்நீர் ஆறி வெதுவெதுப்பானதும் ஒரு முட்டையை அடித்துக் கலக்கி, அரை டீஸ்பூன் விளக்கெண்ணெயும் 600 மில்லி பசும்பாலும் சேர்த்து, வேளைக்கு இந்த அளவாக, நாளைக்கு 3 வேளை, 4 நாள் கொடுக்கலாம். இது வயிற்றை நிரப்பும், முதல் சாணத்தை இளக்கும். எதிர்ப்புச் சத்து தராது. அதனால் அந்தக் கன்றைக் கூடுதல் சுத்தத்தோடு தனியாக வளர்க்க வேண்டும்.

கேள்வி: பிறந்து 10 நாளான கன்றுக்கு முன்னங்கால் முட்டி வீங்கி, தொட்டால் சூடாக இருக்கிறது. நொண்டுகிறது. தாய் மிதித்திருக்குமோ என்று எண்ணெய் நீவி விட்டுக்கொண்டிருக்கிறோம்.
– வாசகர், ஓமலூர்

பதில்: நீவுவதை நிறுத்திவிட்டுக் கன்றைப் புரட்டித் தொப்புளைப் பாருங்கள். அது விரல் பருமனுக்கு மேல் தடித்து, ஈரமாக, நாற்றம் அடித்தால் மிதிபட்டதல்ல. தொப்புள் வழியாகப் போன கிருமி ரத்தத்தில் கலந்து மூட்டில் தங்கியிருக்கிறது. கைவைத்தியம் இதற்கு உதவாது. இன்றைக்கே மருத்துவரிடம் காட்டி ஊசி போட ஆரம்பிக்க வேண்டும். அவர் சொன்ன நாள் முழுக்கப் போட வேண்டும். வீக்கம் வடிந்ததும் நடுவில் நிறுத்தினால் மூட்டு இறுகி, ஆயுசுக்கும் நொண்டும்.

அடுத்த கன்றுக்கு: வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் விட்டு, அயோடினில் நனைத்த நூலால் தொப்புள்கொடியைக் கட்டி, கட்டுக்குக் கீழே சுத்தமான கத்தரியால் வெட்டுங்கள். டிங்சர் அயோடினைச் சின்னக் குப்பியில் ஊற்றி, வெட்டிய கொடி முழுக்க அதில் மூழ்கும்படி பிடியுங்கள். பஞ்சில் ஒற்றினால் நுனிக்குள் இறங்காது. கொடி காய்ந்து சுருங்கும் வரை, 3 நாளைக்குக் காலையும் மாலையும் செய்யவும். சாணத்தையோ சாம்பலையோ அப்பாதீர்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டி இருக்கிறோம். மார்கழியில் பிறந்த கன்று இரவெல்லாம் நடுங்குகிறது. கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, மூலையில் நெருப்பும் மூட்டுகிறோம். ஆனாலும் மூக்கு ஒழுகி இருமுகிறது.
– வாசகி, ஏற்காடு

பதில்: இருமலுக்கு அந்தப் புகையே காரணமாக இருக்கலாம். நாலு பக்கமும் அடைத்த கொட்டகையில் புகை தங்கும், மூத்திரத்தின் காரநெடி தங்கும், மூச்சின் ஈரமும் கூரையில் பட்டுச் சொட்டும். மூன்றும் சேர்ந்தால் நுரையீரல் கெடும். உள்ளே போனதும் உங்கள் கண் எரிந்தால், கன்றுக்கு இன்னும் மோசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மூக்கு தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

தார்ப்பாய் தரையிலிருந்து 4 அடி வரை போதும். அதற்கு மேல் கூரை வரை திறந்திருக்கட்டும். படுத்த கன்றின் மேல் காற்று அடிக்கக் கூடாது, மேலே காற்று ஓட வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. நெருப்புக்குப் பதில் படுக்கையைக் கனமாகப் போடுங்கள். கன்று படுத்தால் கால்கள் வைக்கோலுக்குள் மறைய வேண்டும். மலையில் வைக்கோல் கீழிருந்து வண்டியேறி வருவது, விலை அதிகம்தான். அடியில் நன்றாகக் காய்ந்த சில்வர் ஓக் சருகைப் பரப்பி, மேலே மட்டும் வைக்கோல் போட்டால் செலவு குறையும். தினமும் அதில் அரை நிமிடம் முழங்கால் போட்டுப் பாருங்கள். உங்கள் துணி ஈரமானால் மேல்படுக்கையை மாற்றுங்கள்.

பிறந்த அன்று ஈரம் போகும்வரை கோணிச் சாக்கால் அழுத்தித் தேய்த்து உலர்த்த வேண்டும். தாய் நக்குவது மட்டும் அந்தக் குளிருக்குப் போதாது. உலர்ந்த பிறகு சாக்கை இரண்டாக மடித்து முதுகில் போட்டு, வயிற்றுக்கு அடியில் தளர்வாகக் கட்டவும். சாக்கு நனைந்தால் கழற்றிவிடுங்கள், ஈரச் சாக்கு குளிரைக் கூட்டும். பல்பு தொங்கவிடுபவர்கள் கவனிக்கவும்: எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. பழைய குண்டு பல்பு சூடு தரும், ஆனால் வைக்கோலுக்குப் பக்கத்தில் தொங்கினால் கொட்டகையே போய்விடும்.

குளிர் நாட்களில் பாலை ஒரு நாளைக்கு அரை லிட்டர் கூட்டிக் கொடுங்கள், அதை வெதுவெதுப்பாகவே கொடுங்கள். நடுங்குவதற்குச் செலவாகும் தெம்பு அந்தப் பாலிலிருந்துதான் வர வேண்டும். கன்றின் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். வாய் சில்லென்று இருந்து, விரலைச் சப்பாமலும் இருந்தால் அது ஆபத்து. காலை வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: ஒரு வாரக் கன்று மஞ்சளும் வெள்ளையுமாகக் கழிகிறது. பால் கொடுத்தால் கூடும் என்று பாலை நிறுத்திவிட்டோம். வாளியில் பால் குடிக்கும் கன்று.
– வாசகர், எடப்பாடி

பதில்: பாலை நிறுத்தாதீர்கள். கழிச்சலில் கன்றைக் கொல்வது உடம்பில் தண்ணீரும் உப்பும் வற்றுவதுதான். பட்டினி அதை விரைவாக்கும். வழக்கமான பாலைச் சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுங்கள். பால் வேளைகளுக்கு நடுவே, இரண்டு மணி நேரமாவது தள்ளி, மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பொட்டலத்தில் போட்ட அளவுத் தண்ணீரில் கரைத்து, வேளைக்கு ஒரு லிட்டராக நாளைக்கு 2 அல்லது 3 வேளை கொடுங்கள். பாலோடு கலக்க வேண்டாம், வயிற்றில் பால் திரள்வது கெடும்.

கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். உடனே படிந்தால் பரவாயில்லை. மடிப்பு சில நொடி நின்றாலோ, கண் குழிவிழுந்தாலோ, கன்று எழுந்து நிற்காவிட்டாலோ ரத்தக்குழாயில் குளுக்கோஸ், உப்புநீர் ஏற்ற வேண்டிய நிலை. சாணத்தில் ரத்தம் இருந்தாலும் மருத்துவர்தான். படுத்துவிட்ட கன்றுக்கு மூங்கில் குழாயில் ஊற்றவே ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும்.

அடுத்து வாளி. தரையில் வைத்த வாளியில் கன்று தலையைக் கவிழ்த்து மடமடவென்று இழுக்கும்போது, பால் நேராகச் செரிக்கும் வயிற்றுக்குப் போகாமல் முதல் வயிற்றில் விழுந்து புளிக்கும். மடி உயரத்தில் ரப்பர் காம்போடு கொடுத்தால் கழுத்து நீண்டு, பால் சரியான வழியில் இறங்கும். பாத்திரத்தை ஒவ்வொரு வேளையும் வெந்நீரில் தேய்த்துக் கழுவவும். ஒரு நாள் ஆறிய பால், மறுநாள் கொதிக்கிற பால் என்று மாற்றிக் கொடுப்பதும் கழிச்சலுக்கு வழிதான்.

களிமண் நிறத்தில் கெட்ட நாற்றத்தோடு கழிந்து, வயிறு மட்டும் பானை போல் இருந்தால் உருண்டைப் புழுவைச் சந்தேகிக்கலாம். இந்தப் புழு தாயின் பால் வழியாகவே கன்றுக்கு வரும், எருமைக் கன்றுக்கு இன்னும் அதிகம். இதனால்தான் முதல் குடற்புழு மருந்தை 10 முதல் 14 நாளுக்குள், எடை பார்த்துக் கொடுக்கச் சொல்கிறோம். பிறகு 6 மாதம் வரை மாதம் ஒரு முறை.

கேள்வி: இரட்டைக் கன்று: ஒன்று கிடாரி, ஒன்று காளை. கிடாரியை வளர்க்கலாமா?
– வாசகர், மேச்சேரி

பதில்: பத்தில் ஒன்பதுக்கு மேல் அந்தக் கிடாரி சினைப்பிடிக்காது. கருவில் இரண்டுக்கும் ரத்தம் கலந்து, கிடாரியின் கருப்பை வளராமல் போயிருக்கும். ஒரு மாதத்துக்குள் மருத்துவர் ஒரு மழுங்கிய குழாயால் பிறப்புறுப்பின் ஆழத்தை அளந்து ஓரளவு சொல்லிவிடுவார். இரண்டு வருடம் தீவனம் போட்ட பிறகு தெரிந்துகொள்வதைவிட அது மலிவு. காளைக்கன்றுக்குப் பெரும்பாலும் பாதிப்பில்லை.

கேள்வி: சேகோ ஆலைத் திப்பியை (மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுத்தபின் மிஞ்சும் சக்கை) கன்றுக்கு எப்போதிலிருந்து வைக்கலாம்?
– வாசகர், தலைவாசல்

பதில்: 3 மாதம் வரை வேண்டாம். அசைபோடும் வயிறு அதற்குத் தயாராக இருக்காது, ஈரத் திப்பி ஒரே நாளில் புளித்தும்விடும். இரண்டாவது வாரத்திலிருந்து கன்றுத் தீவனம் ஒரு கைப்பிடி, கொஞ்சம் காய்ந்த நல்ல புல், எப்போதும் சுத்தமான தண்ணீர். முதலில் தீவனத்தை விரலில் தொட்டு வாயில் தடவிவிட்டால் பழகிக்கொள்ளும். மரவள்ளியின் பச்சை இலையும் கிழங்குத் தோலும் கன்றுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். அவற்றில் சயனைடு நஞ்சு உண்டு. கொஞ்சம் தின்றாலும் கன்றைச் சாய்த்துவிடலாம்.