பாலைவன கிளினிக்கில் நர்ஸ் வேலை: ஒத்துவருமா?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நாகர்கோவிலில் நர்சிங் படித்தேன். சென்னையில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது மெல்பேர்னில் ஒரு டயாலிசிஸ் யூனிட்டில் இருக்கிறேன். ஏஜென்சி ஒன்றின் மூலம், நார்தர்ன் டெரிட்டரியில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே ஒரு பழங்குடி ஊர் கிளினிக்கில் ஆறு வார வேலை வந்திருக்கிறது. சம்பளம் இங்கே வாங்குவதைவிட நன்றாகவே கூடுதல், வீடும் விமான டிக்கெட்டும் அவர்கள் செலவு. கணவர் "போய்த்தான் பாரேன்" என்கிறார். மகன் இரண்டாம் வகுப்பு. கூட வேலை செய்யும் தோழி "பைத்தியமா உனக்கு?" என்கிறாள். எமர்ஜென்சி அனுபவம் எனக்குக் குறைவு, அதுதான் பயம். நீங்கள் அங்கே வேலை பார்த்தவர். எனக்கு ஒத்துவருமா?

எஸ். (பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள எஸ்.,

எமர்ஜென்சியை நினைத்து அவ்வளவு பயப்பட வேண்டாம். போனை எடுத்தால் எந்த நேரமும் ஒரு டாக்டர் பேசுவார். மேசையில் கார்பா மேனுவல் இருக்கும். மத்திய ஆஸ்திரேலிய கிளினிக்குகளுக்காகவே எழுதப்பட்ட கையேடு அது. முதல் பதிப்பு 1992இல் வந்தது. நெஞ்சுவலி என்றால் முதலில் எதைப் பார்ப்பது, எந்த மருந்து எவ்வளவு, எப்போது டாக்டரைக் கூப்பிடுவது, எல்லாம் வரிசையாக இருக்கும். நோயாளிக்கு முன்னாலேயே புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் செய்வது அங்கே கௌரவக் குறைச்சல் இல்லை. பார்க்காமல் செய்தால்தான் கேள்வி கேட்பார்கள். கிரானாபிளஸ் என்ற அமைப்பு, நகரத்தை விட்டுத் தொலைவில் வேலை பார்க்கும் ரிமோட் நர்ஸ்களுக்கென்றே அவசர சிகிச்சைக்கும் பிரசவ அவசரத்துக்கும் பயிற்சி நடத்துகிறது. இரண்டையும் முடித்துவிட்டுப் போங்கள். ஏஜென்சி "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் நீங்களும் அப்புறம் போகலாம்.

நோயாளியை ஆலிஸுக்குக் கொண்டுபோக ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸின் விமானம் வரும். கூப்பிட்டவுடன் வந்துவிடாது, சில மணி நேரம் ஆகலாம். அதுவரை அவர் உங்கள் பொறுப்பு. இரவானால், விமானம் இறங்குமுன் ஓடுதளத்தில் கங்காருவோ கழுதையோ நிற்கிறதா என்று வண்டியில் ஒரு சுற்று போய்ப் பார்த்தாக வேண்டும். சில ஊர்களில் அதுவும் நர்ஸ் தலையில்தான்.

ஆனால் இதெல்லாம் எப்போதோ வரும் இரவுகள். மற்ற நாளெல்லாம் என்ன வேலை என்று தெரிந்துகொண்டால்தான் உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரியும். ஓர் உதாரணம் சொல்கிறேன். ருமாட்டிக் காய்ச்சல் வந்து இருதய வால்வு கெட்டுப்போகும் பிள்ளைகள் அங்கே மிக அதிகம். சின்ன வீட்டில் பத்துப் பதினைந்து பேர் நெருக்கியடித்துக்கொண்டு படுத்தால் தொண்டைப்புண்ணும் தோல்புண்ணும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்; காய்ச்சல் அதிலிருந்து வருவது. திரும்ப வராமலிருக்க, நம்மூரில் 21 நாளுக்கு ஒருமுறை பெனிடியூர் என்ற பென்சிலின் ஊசி போடுகிறோமே, அதே மருந்தை அங்கே 28 நாளுக்கு ஒருமுறை போடுவார்கள். வருடக்கணக்காக. எவ்வளவு வலிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சிரிஞ்சை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, குளிர் போகும்வரை உள்ளங்கையில் வைத்திருந்து, குத்தப்போகும் இடத்தைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்திவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஏற்ற வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையன் கிளினிக் வண்டியைக் கண்டாலே சுவரேறிக் குதித்து ஓடுவான். ஃபுட்பால் மைதானத்தில் இல்லை, கடையில் இல்லை, பாட்டி வீட்டில் போய்ப் பிடித்தால் "நாளைக்கு" என்பான். நாளைக்கும் போக வேண்டும், முகம் சுளிக்காமல். திட்டினால் அடுத்த மாதம் வண்டியை மட்டுமல்ல, உங்களையும் கண்டால் ஓடுவான்.

தடுப்பூசிக்காக வெயிலில் வீடு வீடாகக் கதவைத் தட்டும் நம்மூர் வி.எச்.என். (கிராம சுகாதார நர்ஸ்) அக்காக்களைப் போன்ற ஆட்கள்தான் இதற்குச் சரி. பெரிய ஐ.சி.யு.வில் கில்லாடியாக இருந்துவிட்டு இங்கே வந்து, 'இதற்கா வந்தேன்' என்று சலித்துக்கொண்டு பாதியில் பெட்டி கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். வார்டில் யாரும் கவனிக்காத மாதிரி இருந்த பெண்கள் வருடக்கணக்கில் தங்கிவிட்டார்கள்.

இன்னொன்று, உங்களுக்கு வாயை மூடிக்கொண்டிருக்க வருமா? வேடிக்கைக்குக் கேட்கவில்லை. அங்கே கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. பொறுக்காமல் நாமே இன்னும் இரண்டு கேள்வி அடுக்கினால், நம்மைச் சமாளிக்க "ஆமாம்" என்றுவிடுவார்கள். மாத்திரை சாப்பிட்டீர்களா? ஆமாம். வலி குறைந்ததா? ஆமாம். அந்த ஆமாமை நம்பி எழுதினால் போச்சு. கிளினிக்கில் அந்த ஊர்க்காரரான பழங்குடி சுகாதாரப் பணியாளர் இருந்தால், வந்த புதிதில் அவர் சொல்கிறபடி நடங்கள். யார் யாரோடு பேசக் கூடாது, எதை ஆண் நர்ஸ் பார்க்கக் கூடாது, சாவு விழுந்த வீட்டில் இறந்தவர் பெயரை ஏன் உச்சரிக்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

சரி, நீங்கள் கேட்காத ஒன்று. டயாலிசிஸ் தெரிந்த நீங்கள் ஏன் பொது கிளினிக்குக்குப் போகிறீர்கள்? ஆலிஸில் பர்ப்பிள் ஹவுஸ் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. கின்டோர் என்ற ஊரில் சிறுநீரகம் பழுதானவர்கள் 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ஆலிஸுக்கு வந்து, சொந்த மண்ணையும் பேரப்பிள்ளைகளையும் விட்டு மெஷினோடு கிடந்தார்கள். அந்தப் பகுதி ஓவியர்கள் படம் வரைந்து கொடுக்க, 2000இல் சிட்னியில் ஏலம் விட்டு பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். 2004இல் கின்டோரிலேயே டயாலிசிஸ் தொடங்கியது. இன்று பல ஊர்களில் அவர்களுக்கு யூனிட் இருக்கிறது. உங்கள் கைப்பழக்கத்துக்கு அங்கே மதிப்பு அதிகம். ஏஜென்சிக்குப் பதில் எழுதுமுன் அங்கே ஒரு விண்ணப்பம் போடுங்கள்.

எங்கே போனாலும் பாதுகாப்பு விஷயத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள். 2016 மார்ச்சில் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரெகான் ஊரில் கெய்ல் உட்ஃபோர்ட் என்ற நர்ஸ், கூப்பிட்டால் போகவேண்டிய ஆன்-கால் பணியில் இருந்த இரவில் கொல்லப்பட்டார். அதன் பிறகு அந்த மாநிலத்தில் சட்டமே வந்தது. வேலை நேரம் தாண்டி ரிமோட் நர்ஸைக் கூப்பிட்டால் கூட இன்னொருவர் போக வேண்டும், 2019லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அது அந்த மாநிலச் சட்டம். நீங்கள் போகும் இடத்தின் விதி என்ன என்று எழுத்தில் வாங்குங்கள். என்னை எடுத்த ஒரு கிளினிக்கில் "இரண்டாம் ஆள் பொதுவாக இருப்பார்" என்றார்கள். போய்ப் பார்த்தால் அப்படி யாருமே இல்லை. அதனால் இரவு ரோஸ்டரைப் பெயர்களோடு அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.

பணத்துக்காகப் போவதில் ஒரு தப்பும் இல்லை, அதற்காகக் குறுகாதீர்கள். மகனை உடன் அழைத்துப்போக இந்த மாதிரிக் குறுகிய ஒப்பந்தங்களில் பெரும்பாலும் வழியில்லை. "போய்த்தான் பாரேன்" என்பதில் ஆறு வார ஹோம்வொர்க்கும் மதியச் சாப்பாட்டு டப்பாவும் அடக்கமா என்று உங்கள் வீட்டுக்காரரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால் ஆறு வாரம் போய்வரலாம். பிடிக்கவில்லையென்றால் மெல்பேர்னில் டயாலிசிஸ் நர்ஸுக்கு வேலைப் பஞ்சமில்லை. மேனுவல் கியர் ஓட்டத் தெரியாவிட்டால் மட்டும் இந்த மாதமே கற்றுக்கொள்ளத் தொடங்குங்கள். அந்த கிளினிக் வண்டிகளில் பெரும்பாலும் அதுதான். டயர் மாற்றவும் பழகிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா