சாடைப் பேச்சிலிருந்து ஷேக்ஸ்பியருக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சிகாகோவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இந்த ஆண்டுதான் சேர்ந்திருக்கிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். மற்றவர்கள் மெக்சிகோவிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். 'பண்பாட்டுக்கு இயைந்த கற்பித்தல்' பற்றிய என் கொள்கையை ஒரு பக்கத்தில் எழுதித் தருமாறு பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். மதுரையில் வளர்ந்த நான் அவர்களுடைய பண்பாட்டைப் பற்றி என்ன எழுத முடியும்?
– வாசகி, சிகாகோ

பதில்: அவர்களுடைய பண்பாட்டைப் பற்றி நீங்கள் எழுத வேண்டியதில்லை. அவர்கள் ஏற்கெனவே அறிந்திருக்கும் ஒன்றைக் கொண்டு, அவர்களுக்குக் கடினமாக இருக்கும் எந்தப் பாடத்தைக் கற்பிக்கப் போகிறீர்கள் என்பதை எழுதுங்கள். கறுப்பினக் குழந்தைகளுக்குச் சிறப்பாகக் கற்பித்த ஆசிரியர்களை நெடுநாள் கவனித்த அமெரிக்கக் கல்வியாளர் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ், 1995-இல் வெளியிட்ட கட்டுரையில் இத்தகைய கற்பித்தலுக்கு மூன்று கூறுகளை முன்வைத்தார். மாணவர் பாடத்தில் தேற வேண்டும். தம் பண்பாட்டை இழக்காமல் தேற வேண்டும். சமூகத்திலுள்ள ஏற்றத்தாழ்வுகளைக் கேள்வி கேட்கும் தெளிவையும் பெற வேண்டும். இவற்றில் முதலாவதைப் பலர் மறந்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. விழா நாளில் அவரவர் வீட்டு உணவைப் பகிர்வதும் சுவரில் தலைவர்களின் படங்களை மாட்டுவதும் நல்லவைதான் என்றாலும், அவற்றால் எந்த மாணவனுக்கும் ஒரு பத்தியை நுட்பமாக வாசிக்கும் திறன் வந்துவிடாது.

உங்கள் ஊரிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. சிகாகோவைச் சேர்ந்த ஆய்வாளர் கேரல் லீ, கறுப்பின இளைஞர்கள் தங்களுக்குள் பேசும் 'சிக்னிஃபையிங்' என்னும் பேச்சுமுறையைக் கூர்ந்து கவனித்தார். சொல்ல வந்ததை நேரே சொல்லாமல் சுற்றி வளைத்துக் குத்திக்காட்டும் அந்தப் பேச்சை, நம்மவர்கள் சாடை பேசுவது என்பார்கள். சொன்ன சொல் ஒன்று, உணர்த்திய பொருள் வேறு என்பதைக் கண நேரத்தில் பிடித்துக்கொள்ளும் மாணவர்கள், இலக்கிய வகுப்பில் மட்டும் முரண்நகையைக் கண்டுகொள்ள முடியாமல் திணறுவது ஏன் என்று அவர் கேட்டார். முதலில் அத்தகைய உரையாடல்களையே வகுப்பில் வைத்து, 'இவள் உண்மையில் சொன்னது என்ன, அது உனக்கு எப்படித் தெரிந்தது' என்று மாணவர்களையே விளக்கச் செய்தார். அவ்வாறு அவர்கள் வாயால் வெளிப்பட்ட வழிமுறையைக் கொண்டே ஜோரா நீல் ஹர்ஸ்டன், ஆலிஸ் வாக்கர் ஆகிய கறுப்பின எழுத்தாளர்களின் நாவல்களை வாசிக்கச் செய்தார்.

இதே வழியில் ஷேக்ஸ்பியருக்கும் போகலாம் என்பது என் கருத்து. 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் சீசரின் இறுதிச் சடங்கில் உரையாற்றும் அந்தோணி, சீசரைக் கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸை மதிப்புக்குரியவர் என்று ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அந்த மதிப்பு குறைந்துகொண்டே போகிறதே, அது சாடையல்லாமல் வேறென்ன? அந்த உரையை உங்கள் மாணவர்கள் உங்களைவிட விரைவாகப் புரிந்துகொள்ளக்கூடும்.

கேள்வி: கறுப்பினப் பிள்ளைகளின் வீட்டு ஆங்கிலத்தைத் திருத்தாமல் மதித்து ஏற்றுக்கொண்டால், நாளை வேலைக்குப் போகும்போது அவர்கள்தானே பாதிக்கப்படுவார்கள்?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருச்சி

பதில்: உங்கள் கவலை நியாயமானது. ஆனால் மதிப்பது வேறு, கற்பிக்காமல் விடுவது வேறு. 'ஷி பி வொர்க்கிங்' என்று ஒரு மாணவி எழுதினால், அது இலக்கணம் அறியாமல் எழுதியதன்று. அவள் இப்போது வேலை செய்கிறாள் என்பதன்று அதன் பொருள். வழக்கமாக வேலை செய்கிறாள் என்பதே அதன் பொருள். அந்த வேறுபாட்டை அறிந்த ஆசிரியர், 'இதையே பொது ஆங்கிலத்தில் எப்படி எழுதுவாய்' என்று கேட்டு, இரண்டையும் அருகருகே வைத்துக் கற்பிக்க முடியும். அறியாதவரால் சிவப்பு மையால் அடிக்க மட்டுமே முடியும். மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரப் பள்ளி நிர்வாகத்தின் மீது தொடுக்கப்பட்ட வழக்கில், 1979-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இந்தத் திசையில்தான் அமைந்தது. வீட்டு மொழியிலேயே பாடம் நடத்த வேண்டும் என்று அது சொல்லவில்லை. பிள்ளைகளின் வீட்டு மொழியை ஆசிரியர்கள் அறிந்து, அந்த அறிவைப் பொது ஆங்கில வாசிப்பைக் கற்பிப்பதில் பயன்படுத்த நிர்வாகம் உதவ வேண்டும் என்றே கூறியது. நம் பிள்ளைகளும் 'போய்க்கிட்டிருக்கான்' என்று வீட்டில் பேசிக்கொண்டேதான் 'சென்றுகொண்டிருக்கிறான்' என்று எழுதக் கற்கிறார்கள்.

கறுப்பினக் கல்வியாளரான லீசா டெல்பிட், அதிகாரத்தில் உள்ளவர்களின் மொழி விதிகளை ஏழைப் பிள்ளைகளுக்கு வெளிப்படையாகக் கற்பிக்க வேண்டும் என்று 1988-இலேயே வற்புறுத்தினார். கனிவு காரணமாக அவற்றைக் கற்பிக்காமல் விடுவது அநீதி என்பதில் எனக்கும் ஐயமில்லை.

கேள்வி: மாணவர்களின் வீட்டு அறிவை ஒரு புதிய ஆசிரியர் எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, சிகாகோ (இரண்டாவது கேள்வி)

பதில்: பெயரையும் நிறத்தையும் பார்த்து ஊகிக்காதீர்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அரிசோனாவின் டூசான் நகரில் கல்வி ஆய்வாளர் லூயிஸ் மோலும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வில், ஆசிரியர்களே மெக்சிகோ வழிவந்த தொழிலாளர் குடும்பங்களின் வீடுகளுக்குச் சென்று, கற்றுக்கொள்ளும் மனநிலையோடு உரையாடினார்கள். 1992-இல் வெளிவந்த அவர்களின் கட்டுரை, அந்த வீடுகளில் வேளாண்மை, கட்டுமானம், வணிகம், மருத்துவம் என்று எவ்வளவு அறிவு சேர்ந்திருந்தது என்பதைக் காட்டியது. மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்த மிட்டாயை அக்கம்பக்கத்தில் விற்றுவந்த ஒரு சிறுவனைக் கண்ட ஆசிரியை, மிட்டாயையே வகுப்பின் ஆய்வுப் பொருளாக்கினார். ஒரு மாணவரின் தாய் வகுப்புக்கு வந்து, மிட்டாய் செய்யும் முறையைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார்.

அது தொடக்கப் பள்ளி வகுப்பு. உங்களுடைய உயர்நிலை வகுப்பிலோ, பெற்றோரின் தொழிலைப் பற்றி அவர்களிடமே கேட்டறிந்து, அந்தத் தொழில் தெரியாத ஒருவருக்குப் புரியும்படி மாணவர்களை விளக்கக் கட்டுரை எழுதச் சொல்லலாம். சிலர் வீட்டுச் செய்திகளைச் சொல்லத் தயங்குவார்கள். குடியுரிமைச் சிக்கல் உள்ள குடும்பங்களுக்கு அந்தத் தயக்கம் மிகவும் நியாயமானது என்பதால், வேறொரு தலைப்பில் எழுதும் உரிமையையும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். முதல் தொகுதிக் கட்டுரைகளைப் படித்து முடித்த பிறகு, பள்ளியில் கேட்ட அந்த ஒரு பக்கத்தை எழுத உட்காருங்கள்.