கேமராவில் எடுத்த படங்கள் டேப்லெட்டுக்கு வருகின்றன, வீடியோ மட்டும் வரவில்லை. கணினி இல்லாமல் என்ன செய்வது?

கேட்டவர் சொன்ன விவரம் இதுதான்: சோனி கேமரா, யுஎஸ்பி-சி துளையுள்ள ஐபேட், கடையில் வாங்கிய கார்டு ரீடர். ரீடரைச் செருகினால் படங்கள் வரிசையாக வருகின்றன, வீடியோ ஒன்றுகூடக் காணோம். வேறு நல்ல ரீடர் வாங்குவதா, இல்லை ஒரு மடிக்கணினியே வாங்கிவிடுவதா என்று கேட்கிறார்.

இரண்டும் வேண்டாம். படம் வருகிறது என்றாலே ரீடர் சரி, துளை சரி, கார்டும் சரி. வீடியோ கார்டில்தான் இருக்கிறது, நீங்கள் பார்க்கிற இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் கோயில் திருவிழா, கல்யாணம், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி என்று வீடியோ எடுக்கிறவன். வெட்டுவது, ஒட்டுவது எல்லாமே டேப்லெட்டில்தான். இந்தக் கேள்வியை இங்கே பையன்கள் அடிக்கடி கேட்பார்கள், கேட்கும்போது கையில் புதுசாக வாங்கிய ஏதோ ஒரு வயரும் இருக்கும். அதனால் முதலில் சொல்லிவிடுகிறேன்: எதையும் வாங்குவதற்கு முன் எந்த இடத்தில் தடைபடுகிறது என்று பாருங்கள். வயரிலா, ஃபோல்டரிலா, கோப்பின் வகையிலா? வயரில் கோளாறு என்றால் எதுவுமே வராது. உங்களுக்குப் படம் வருகிறதே.

ஃபோல்டர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். எந்த டிஜிட்டல் கேமராவும் படங்களை டிசிஐஎம் என்ற ஃபோல்டரில்தான் போடும், அது கேமராக் கம்பெனிகள் எல்லாரும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு. கேனன் கேமரா வீடியோவையும் பெரும்பாலும் அதே இடத்தில், படங்களோடு சேர்த்தே வைத்துவிடும், அதனால் கேனன் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. சோனி அப்படி இல்லை. எக்ஸ்ஏவிசி எஸ் என்ற சோனியின் சொந்த வகையில் எடுத்த வீடியோ 'பிரைவேட்' என்ற ஃபோல்டருக்குள், அதற்குள் 'எம்4ரூட்', அதற்குள் 'கிளிப்' என்று மூன்றாவது அறையில் போய் உட்கார்ந்திருக்கும். பெயர் சி0001, சி0002 என்று வரிசையாக, எம்பி4 கோப்புகளாக இருக்கும். ரீடரைச் செருகியதும் ஐபேடின் ஃபோட்டோஸ் செயலி 'இம்போர்ட்' என்று திறக்கிறதே, அது முதலில் தேடுவது டிசிஐஎம்-ஐத்தான். மற்ற இடத்தில் இருப்பது அதில் வந்தாலும் வரும், வராமலும் போகும். அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

ஆகவே ஃபோட்டோஸை மூடிவிட்டு ஃபைல்ஸ் செயலியைத் திறங்கள். இடது பக்கப் பட்டியலில் கார்டு ஒரு டிரைவ் மாதிரி வந்திருக்கும், பெயர் 'அன்டைட்டில்டு' என்றோ வேறு எதுவாகவோ இருக்கலாம். அதைத் தொட்டு உள்ளே போய் பிரைவேட், எம்4ரூட், கிளிப் என்று இறங்குங்கள். வீடியோ எல்லாம் அங்கே இருக்கும். பக்கத்தில் அதே எண்ணோடு குட்டிக் குட்டியாக எக்ஸ்எம்எல் கோப்புகளும் கிடக்கும், எடிட்டிங்குக்கு அவை தேவையில்லை, விட்டுவிடுங்கள். எம்பி4-களை மட்டும் தேர்ந்தெடுத்து, 'காப்பி' கொடுத்து, 'ஆன் மை ஐபேட்' என்ற இடத்துக்குப் போய், நிகழ்ச்சியின் பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்து அதில் ஒட்டுங்கள். ஐகிளவுட் டிரைவில் ஒட்டிவிடாதீர்கள், பிறகு அது பாட்டுக்கு இணையத்தில் ஏற்றப் பார்க்கும், தோட்டத்துப் பக்கம் இருக்கிற சிக்னலுக்கு விடிய விடிய சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஃபைல்ஸ் செயலி இப்படிக் கார்டையும் பென்டிரைவையும் திறந்து காட்டுவது ஐபேட்ஓஎஸ் 13-இல், 2019-இல்தான் வந்தது. அதற்கும் பழைய மென்பொருளோடு இருக்கிற ஐபேட் என்றால் இந்த வழி கிடையாது. உங்களுடையது யுஎஸ்பி-சி என்பதால், பழைய மென்பொருள் இருந்தாலும் புதுப்பித்துக்கொள்ளலாம், பிரச்சினை இல்லை. ஆண்ட்ராய்டு டேப்லெட் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான், கேலரியில் தேடாமல் 'மை ஃபைல்ஸ்' மாதிரியான கோப்புச் செயலியில் தேட வேண்டும்.

சாம்சங் டேப்லெட் வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொரு சுலபமான வழி. பல மாடல்களில் மைக்ரோ எஸ்டி கார்டுக்கு இடம் இருக்கிறது. கேமராவில் பெரிய கார்டுக்குப் பதிலாக அடாப்டரோடு மைக்ரோ எஸ்டி போட்டு எடுங்கள், முடிந்ததும் அடாப்டரிலிருந்து உருவி நேராக டேப்லெட்டில் செருகுங்கள். ரீடரே வேண்டாம். ஒரே எச்சரிக்கை, செருகியதும் டேப்லெட் 'ஃபார்மட் செய்யட்டுமா' என்று ஏதாவது கேட்டால் சரி என்று அழுத்திவிடாதீர்கள், கல்யாண வீடியோ மொத்தமும் போய்விடும். கார்டு 4கே எழுதத் தாங்குமா என்றும் பார்த்து வாங்குங்கள், மேலே 'வி30' என்று அச்சடித்திருந்தால் போதும்.

சரி, ஃபோல்டரைக் கண்டுபிடித்தாகிவிட்டது, கோப்பும் வந்துவிட்டது, ஆனால் எடிட்டிங் செயலி திறக்க மாட்டேன் என்கிறது. இது கோப்பு வகையால் வருகிற தடை. பழைய ஹேண்டிகேம் வைத்திருக்கிற மாமா சித்தப்பாக்கள் வீட்டில் இது அதிகம். 2006-இல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து கொண்டுவந்த ஏவிசிஎச்டி என்ற வகை, கோப்பின் கடைசியில் எம்டிஎஸ் என்று இருக்கும். 'பிரைவேட்' உள்ளே 'ஏவிசிஎச்டி', 'பிடிஎம்வி', 'ஸ்ட்ரீம்' என்று இன்னும் ஆழத்தில் கிடக்கும். விஎல்சி செயலியில் அது ஓடும், ஆனால் டேப்லெட்டில் இருக்கிற எடிட்டிங் செயலிகள் பல அதைத் தொடாது. உள்ளே இருக்கிற காட்சி எச்.264 என்ற முறையில் சுருக்கியதுதான், மற்றப் பல கேமராக்களும் எழுதுகிற அதே சங்கதி, மேலே இருக்கிற உறைதான் வேறு. ஆகவே மாற்றும் செயலியில் போடும்போது காட்சியைத் திரும்பச் சுருக்காமல் உறையை மட்டும் எம்பி4 ஆக மாற்றும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் தரமும் குறையாது, நேரமும் பிடிக்காது. ஒலியை மட்டும் ஏஏசி என்ற வகைக்கு மாற்றிவிடுங்கள். இந்தக் கோப்புகளில் ஒலி பெரும்பாலும் டால்பி டிஜிட்டல், அதை அப்படியே விட்டால் சில டேப்லெட்களில் படம் ஓடும், உறுமி மேளம் கேட்காது.

அதைவிடச் சுலபம், எடுக்கும்போதே கேமராவின் மெனுவில் எம்பி4 இருந்தால் அதை வைத்து எடுப்பது. சில சோனி மாடல்களில் 'டூயல் வீடியோ ரெக்' என்று ஒன்று இருக்கும், பெரிய கோப்போடு சேர்த்து சிறிய எம்பி4 ஒன்றையும் எழுதிக்கொண்டே போகும். ராத்திரியே வாட்ஸ்அப்பில் அனுப்பு என்று உபயக்காரர் நச்சரிக்கிற திருவிழாவுக்கு அந்தச் சின்னக் கோப்பு நன்றாகவே உதவும்.

புதிய கேமராக்களில் தடை எதிர்ப்பக்கமிருந்து வருகிறது. நிறத்தை நுணுக்கமாகப் பதிகிற 10-பிட், 4:2:2, இன்னும் இறுக்கமாகச் சுருக்குகிற எச்.265 என்றெல்லாம் மெனுவில் பெரிய பெரிய வசதிகள் இருக்கும், யூடியூபில் யாரோ சொன்னார் என்று அதில் வைத்து எடுத்துவிட்டு வந்தால் சாதாரண டேப்லெட் திணறும், சில நேரம் ஒலி மட்டும் வந்து படம் கறுப்பாக நிற்கும். எம்1 சில்லு உள்ள ஐபேட் என்றால் சமாளிக்கும். மற்றவர்கள் 8-பிட், எச்.264 என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற விளையாட்டெல்லாம் செய்து கொடுக்கச் சொல்லி கல்யாண வீட்டில் யாரும் கேட்பதில்லை, மாப்பிள்ளை முகம் தெளிவாக இருந்தால் அவர்களுக்குப் போதும்.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்பதையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 4கே வீடியோ விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு நிமிடத்துக்கு 750 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 64 ஜிபி டேப்லெட்டில் இரண்டு மணி நேரத் தீமிதியை இறக்கவே முடியாது. முழு எச்டியில் 50 மெகாபிட் வைத்தால் மணிக்கு 22.5 ஜிபி, அது பரவாயில்லை. இதோடு முடிந்ததா என்றால் இல்லை. ஃபைல்ஸில் ஒரு பிரதி, கேப்கட் மாதிரிச் செயலி எடுத்துக்கொள்வதற்காக ஃபோட்டோஸில் சேமித்தது இன்னொரு பிரதி, சில செயலிகள் தாங்களாகவும் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளும். ஒரே தாலி கட்டுகிற காட்சி மூன்று இடத்தில் உட்கார்ந்து இடத்தை அடைக்கும். லூமாஃப்யூஷன், டாவின்சி ரிசால்வ் போன்றவை ஃபைல்ஸிலிருந்தே எடுத்துக்கொள்ளும், வெளியே மாட்டிய எஸ்எஸ்டி என்ற சுழலாத டிரைவிலிருந்தும் நேராக வேலை செய்யலாம். அடிக்கடி எடுக்கிறவர் என்றால் மடிக்கணினிக்கு வைத்திருந்த காசில் ஒரு எஸ்எஸ்டி வாங்குங்கள், எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள், நான் சொல்கிற ஒரே செலவு அதுதான். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் வேண்டாம், அதற்குத் தேவையான மின்சாரத்தை டேப்லெட்டால் பல நேரம் கொடுக்க முடியாது, மாட்டினால் சும்மா கடக் கடக் என்று சத்தம் மட்டும் வரும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. துளை யுஎஸ்பி-சி என்பதால் வேகம் என்று நினைக்க வேண்டாம். 10-ஆம் தலைமுறை ஐபேடில் துளை புதுசு, உள்ளே ஓடுவது பழைய யுஎஸ்பி 2.0 வேகம்தான், விலை குறைந்த ஆண்ட்ராய்டு டேப்லெட் பலவற்றிலும் அப்படித்தான். விநாடிக்கு 30 எம்பி கிடைத்தாலே அதிகம், அந்த 45 ஜிபி இறங்க 25 நிமிடம் ஆகும். ஐபேட் ஏர், புரோ என்றால் கார்டு 90 எம்பி கொடுக்கும்வரை வாங்கிக்கொள்ளும், எட்டு ஒன்பது நிமிடத்தில் வேலை முடியும். முதல் வகை உங்களிடம் இருந்தால் ஈப்போவுக்குப் போய் விலை உயர்ந்த ரீடர் வாங்கி வருவதில் ஒரு பயனும் இல்லை, ஷாப்பி இணையக் கடையில் கிடைக்கிற சாதாரண ரீடரே அந்தத் துளைக்குப் போதும்.

கேமராவின் வைஃபை மூலம் அனுப்பலாமே என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு படம், அரை நிமிடத் துண்டு என்றால் அனுப்பலாம். முழு நிகழ்ச்சிக்கு அது ஆகாது. விநாடிக்கு 3 எம்பி வருகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், 45 ஜிபிக்கு நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஆகும், அதற்குள் கேமரா பேட்டரி படுத்துவிடும். சில பழைய மாடல்கள் பெரிய வகை வீடியோவை வைஃபையில் அனுப்பவே மாட்டா.

நீளமான காட்சி ஒன்று துண்டு துண்டாக வந்திருந்தால் பயப்பட வேண்டாம். 32 ஜிபியும் அதற்குக் கீழும் உள்ள கார்டுகள் ஃபேட்32 முறையில் இருக்கும், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, அதனால் கேமரா வெட்டி வெட்டி எழுதும். எண் வரிசையில் அடுத்தடுத்து வைத்தால் சரியாகப் பொருந்திவிடும்.

அப்புறம், பிரதி எடுத்துக்கொண்டிருக்கும்போது திரையை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடாதீர்கள். நான் கண்ட வரையில் பெரிய கோப்பு நடுவில் நிற்பது அப்போதுதான். முடிந்ததும் ஒவ்வொரு கோப்பையும் திறந்து கடைசி சில விநாடிகளை ஓட்டிப் பாருங்கள், பாதியில் நின்ற கோப்பு அங்கே மாட்டிக்கொள்ளும்.

கார்டைக் காலி செய்கிற வேலையை மட்டும் டேப்லெட்டில் செய்யாதீர்கள். சோனி தன் வீடியோக்களுக்குத் தனியாக ஒரு பதிவேடு வைத்திருக்கிறது, நீங்கள் ஃபைல்ஸிலிருந்து ஒவ்வொன்றாக அழித்தால் அடுத்த முறை கார்டைப் போட்டதும் அந்தப் பதிவேட்டில் பிழை இருக்கிறது, சரிசெய்யட்டுமா என்று கேமரா கேட்கும், மண்டபத்தில் மேளம் தொடங்குகிற நேரத்தில் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். எஸ்எஸ்டியில் இன்னொரு பிரதி ஏறியதா என்று பார்த்துவிட்டு, கார்டைக் கேமராவில் போட்டு அதன் மெனுவிலேயே ஃபார்மட் கொடுங்கள்.